சாவி காலி செய்த கட்டடம்

அந்த நகரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களில் பலருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. சாவி என்றால்தான் தெரியும். இடுப்பில் பெரிய கொத்தாகச் சாவிகளைச் செருகிக்கொண்டு நடப்பார். ஆள் தெருமுனை திரும்புவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும்.

வீட்டுத் தரகுதான் தொழில். மூலதனம் வாய். சன்னல் இல்லாத அறையைக் காட்டும்போது, "தூசி உள்ள வரவே வராது, துடைக்கிற வேலையே இல்ல" என்பார். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு என்றால், "அலாரம் வாங்குற செலவு மிச்சம்" என்பார். ஒருவர் உள்ளே போக வேண்டுமானால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய சமையலறையில் நின்றுகொண்டு, "சண்டை போடணும்னாக்கூட இடம் கிடையாதும்மா, ஒத்துமையாத்தான் இருந்தாகணும்" என்று புதுப்பெண்ணிடம் சொல்வார். அவள் சிரித்துவிடுவாள். சிரித்த பிறகு யாரும் வேறு வீடு பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். யாரும் வீடு கொடுக்காதவர்களுக்கு அவர் வீடு வாங்கிக் கொடுத்தார். தனியாக இருக்கும் பெண்கள், பிழைக்க வந்த கட்டைப் பிரம்மச்சாரிகள், படுத்த படுக்கையான தாயைத் தோளில் தூக்கி வந்த பிள்ளை என்று எத்தனையோ பேர் அவர் பின்னால் படி ஏறியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார். பாதி ஊரைக் குடிவைத்தது தன் நாக்குதான் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியும் அப்படி வந்தவள்தான். கையில் ஒரு தகரப் பெட்டி, முகத்தில் இரவு டியூட்டி பார்த்த களைப்பு. ராத்திரி போய் விடிந்து திரும்பும் பெண்ணுக்கு வீடு தர யாருக்கும் மனமில்லை. நாலைந்து கதவுகள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்ட பிறகு, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார்.

கட்டடத்துக்காரப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "பொண்ணு யாரு?"

"என் சித்தப்பா பொண்ணுங்க" என்றார் சாவி, கண்கூட இமைக்காமல். "கூடப் பிறக்காத குறைதான்."

வெளியே வந்ததும் அவள், "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"சொன்னதாலதானே வீடு கிடைச்சுது? இனிமே நீ எனக்குத் தங்கச்சிதாம்மா. ரெண்டு பேருக்கும் வேற வழி இல்ல."

அந்தப் பொய் மெல்ல மெல்ல நிஜமாகிப் போனது. சாவியின் மனைவிக்குப் பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த டியூட்டி டாக்டரைத் தட்டி எழுப்பிச் சண்டை போட்டு இழுத்து வந்தவள் நர்ஸ். அவள் மட்டும் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிறந்த பெண் குழந்தை அவளை அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தது. நர்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கட்டடத்தின் முதல் மாடியிலேயே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அங்கே இருந்த எட்டுக் குடும்பத்துக்கும் ஊசி, மாத்திரை, பிரசவம், பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் அவள்தான்.

இதற்குள் நகரம் வேறு ஊராகிக்கொண்டிருந்தது. வீடு தேடுகிறவர்கள் செல்போனில் படம் பார்த்து, செல்போனிலேயே பேசி முடித்தார்கள். சன்னல் இல்லாத அறைக்கு வக்காலத்து வாங்க ஆள் தேவைப்படவில்லை. சாவிக் கொத்து இளைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அவருடைய சொந்த வீட்டுச் சாவி மட்டும் சட்டைப் பையில் மிஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு வேறொரு வேலை வந்தது. பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட ஆசைப்பட்டவர்களுக்கு, உள்ளே இருக்கும் குடித்தனக்காரர்கள்தான் தொல்லை. "நிரப்பத் தெரிஞ்ச உங்களுக்குக் காலி பண்ணத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார். சாவி முதலில் சிரித்தார். பிறகு ஒரு கட்டடத்தைக் காலி செய்து கொடுத்தார். பிறகு இன்னொன்று. வேறு ஆள் வந்தால் தண்ணீரை நிறுத்துவான், ரௌடிகளை அனுப்புவான், நாம் டீ குடித்துக்கொண்டே பேசித்தானே அனுப்புகிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாவதாக வந்தது அந்த மூன்று மாடிக் கட்டடம்.

பெரியவர் போய்ச் சேர்ந்து, மகன் கைக்கு வந்திருந்தது. மகன் தன் ஆபீஸில் மேசை மேல் ஒரு படத்தை விரித்துக் காட்டினான். அடியிலிருந்து உச்சி வரை கண்ணாடி. அத்தனையும் ஆபீஸ்கள். குடியிருக்க ஒரு அறைகூடக் கிடையாது.

"அந்த நர்ஸம்மா கிளம்பிட்டா மத்தவங்க தானாக் கிளம்பிடுவாங்க" என்றான். "அவங்க உங்க தங்கச்சியாமே?"

சாவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேசிப் பார்க்கிறேன் தம்பி" என்றார்.

ஒரு மத்தியானம் போனார். நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து, வெந்நீரில் துணியை நனைத்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரிட்டயராக இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி.

"கட்டடம் ரொம்பப் பழசாயிடுச்சும்மா. இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப் போறாங்க. ரெண்டு வருஷம் வேற எங்கயாவது இருந்துட்டு வந்தா, இதே இடத்துல எல்லாருக்கும் புது வீடு. வாடகையும் பெருசா ஏறாது."

"எழுதித் தருவாங்களா அண்ணே?"

"நான் இருக்கும்போது எழுத்து எதுக்கும்மா?"

அவள் துணியைப் பிழிந்தாள். "நீங்க சொன்னா சரிதான். முடிஞ்சா எனக்குக் கீழ் வீடாக் கேட்டுப் பாருங்க. இந்தக் காலை வச்சுக்கிட்டுப் படி ஏற முடியல."

"கேட்காம இருப்பேனா? உனக்குன்னு கீழ் வீட்டை ஏற்கெனவே சொல்லி வச்சாச்சு."

அந்தப் பொய்க்கு அவசியமே இருக்கவில்லை. அவள் ஏற்கெனவே சம்மதித்துவிட்டாள். வாய்ப் பழக்கத்தில் தானாக வந்து விழுந்தது.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "என் பேர் வெளிய வர வேண்டாம்மா. கமிஷனுக்காகப் பேசுறேன்னு நினைப்பாங்க. நீயே சொல்லு. உன் பேச்சுன்னா நம்புவாங்க."

நம்பினார்கள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். தனக்குக் கீழ் வீடு கிடைக்கப் போகிற சந்தோஷத்தையும் மறைக்காமல் சொன்னாள். கையெழுத்து வாங்க மகனுடைய ஆபீஸ் ஆள் வந்தான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கட்டடம் காலி. நர்ஸுக்கு ஊர் எல்லையில் நாலாவது மாடியில் ஒரு அறையைச் சாவியே பார்த்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். "கொஞ்ச நாள்தானே அண்ணே" என்றாள் அவள். அவர் சாமான் ஏற்றிய வண்டியின் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பின்தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார். சுற்று வழியில் போனார். ஆனாலும் கண்ணாடிக் கட்டடம் ஒவ்வொரு மாடியாக உயர்ந்து, எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிய ஆரம்பித்தது. நர்ஸைப் பார்க்கவும் போகவில்லை. அவளும் வரவில்லை. வேலை ஜாஸ்தி போல என்று மனைவியிடம் சொன்னார்.

ஒருநாள் காய்கறி மார்க்கெட்டில் யாரோ "அண்ணே!" என்று கூப்பிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருந்த டெய்லரின் மனைவி. டெய்லருக்குப் பழைய வாடிக்கையாளர்கள் எல்லாம் அந்தத் தெருவிலேயே நின்றுவிட்டார்கள், புது இடத்தில் ஒட்டவே இல்லை என்று ஒரு மூச்சு புலம்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் அந்த நர்ஸ் செஞ்ச வேலை அண்ணே. அவளுக்கு மட்டும் கீழ் வீடுன்னு பேசிக்கிட்டுத்தான் எங்க எல்லாரையும் கிளப்பி விட்டிருக்கா. கடைசில அவளுக்கும் பட்டை நாமம். அது வேற விஷயம். விடுவேனா? தேடிப் போயி, அவ வாசல்லயே நின்னு, அக்கம்பக்கம் எல்லாம் கேக்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டுட்டுத்தான் வந்தேன்."

சாவி கையில் இருந்த காலிப் பையை மடித்தார். "அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. தப்பு இல்லேன்னா பதில் சொல்லியிருக்க மாட்டாளா? உங்களுக்குத் தெரியாதா அண்ணே, உங்க தங்கச்சிதானே?"

சொல்ல வேண்டிய வார்த்தை அவர் தொண்டை வரை வந்தது. சுற்றிலும் ஆட்கள். தக்காளிக்காரர் தராசைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சாவியின் வாய் திறந்தது. எத்தனையோ பேருக்கு வீடு வாங்கிக் கொடுத்த வாய்.

"கூடப் பிறந்தவளா என்ன" என்றார். "யார் மனசுல என்ன இருக்குன்னு யார் கண்டா?"

டெய்லர் மனைவி, "அதைச் சொல்லுங்க" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவர் காய் வாங்காமலே வீட்டுக்கு வந்தார். காலிப் பையைப் பார்த்து மனைவி, "மார்க்கெட் லீவா?" என்று கேலி செய்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் கேலியை நிறுத்திக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லுங்க."

சொன்னார். கண்ணாடிக் கட்டடத்தின் படத்தை முதலிலேயே பார்த்தது, கீழ் வீடு, பேர் வெளியே வர வேண்டாம் என்றது, மார்க்கெட்டில் சொன்னது. மனைவி எல்லாம் கேட்டுவிட்டு எழுந்துபோய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"கிளம்புங்க."

"நாளைக்குப் போகலாமே."

"நாளைக்குன்னா அதுக்குள்ள நீங்க ஒரு கதை தயார் பண்ணிடுவீங்க. இப்பவே கிளம்புங்க."

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். நாலு மாடி ஏற வேண்டியிருந்தது. கடைசி மாடிப் படியில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருந்தன. கீழிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த முழங்காலோடு.

கதவைத் திறந்த நர்ஸின் முகம் மலர்ந்தது. "வாங்க அண்ணே! அண்ணி, மேல வரைக்கும் ஏறியா வந்தீங்க?" இருந்த ஒரே நாற்காலியில் அண்ணியை உட்கார வைத்தாள். டேபிள் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பினாள். பழக்க தோஷத்தில் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து, பிறகு மூடிக்கொண்டது. நர்ஸ் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

"டெய்லர் வீட்டம்மா வந்துட்டுப் போனாங்களாமே" என்று சாவி ஆரம்பித்தார்.

"விடுங்கண்ணே, பாவம். அவங்க கஷ்டம் அவங்களுக்கு."

"நீ என் பேரைச் சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்கதானே சொல்ல வேண்டாம்னீங்க? அதோட அந்தப் பையன் உங்களையும்தானே ஏமாத்திட்டான்? உங்க வாக்கை நம்பி நாங்க வந்தோம்னு உங்களுக்கு எவ்வளவு கூசியிருக்கும்! என்னைப் பார்த்தா இன்னும் சங்கடப்படுவீங்கன்னுதான் நான் அந்தப் பக்கமே வரல."

சாவிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை போல இருந்தது. வழி திறந்துதான் இருந்தது. ஆமாம்மா, நானும்தான் ஏமாந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், டீ குடித்துவிட்டுப் போகலாம். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனியில் தயாராக நின்றது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை யாரும் ஏமாத்தலம்மா" என்றார். "எனக்கு மொதல்லயே தெரியும். படத்தைப் பார்த்துட்டுத்தான் உன்கிட்ட வந்தேன்."

நர்ஸுக்கு உடனே புரியவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. "கீழ் வீடு?"

"அதுவும் பொய்தான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "கிளம்பச் சொன்னது உங்க தொழில். அது எனக்குப் புரியுது" என்றாள் மெல்ல. "ஆனா கீழ் வீட்டை நான் ஒரு பேச்சுக்குத்தானே கேட்டேன். இல்லேன்னு சொல்லியிருந்தா நான் என்ன சண்டையா போட்டிருக்கப் போறேன்? அதை ஏன் சொன்னீங்க?"

வாயில் வந்தது, சொன்னேன் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"அண்ணி கொஞ்சம் இருந்துட்டு வரட்டும்" என்றாள் அவள். "நீங்க கிளம்புங்க சார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இத்தனை காலமும் அண்ணே என்று கூப்பிட்ட வாயிலிருந்து அந்த சார் வந்ததும், செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒன்றை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் டெய்லர் கடைக்குப் போனார். அளவு கொடுக்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கப் பார்த்தார். பிறகு, காத்திருந்தால் பேச்சு மாறிவிடும் என்று பயந்து, அவர்கள் இருக்கும்போதே சொன்னார். டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே இருந்து அவர் மனைவி வந்துவிட்டாள்.

"அடப்பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் புண்ணியவதியை என்னவெல்லாம் பேசிட்டு வந்தேன்! நேத்துக்கூட மார்க்கெட்ல உன்கிட்ட வாய் வலிக்கச் சொன்னேனே, கல்லு மாதிரி கேட்டுக்கிட்டுத்தானே நின்னே?"

"ஆமா" என்றார் சாவி.

டெய்லர் கை ஓங்கவில்லை. "எங்ககிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? மத்த வீட்டுக்கெல்லாம் யார் சொல்றது? ஞாயித்துக்கிழமை கடை லீவு. நானும் கூட வரேன். தனியா விட்டா நீ பாதி வழியிலயே கதையை மாத்திடுவ."

டெய்லர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. முதல் வீட்டில் சாவி உள்ளதை உள்ளபடி சொன்னார். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "சரி, சொல்லிட்டீங்கல்ல, போங்க" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். அடுத்த வீட்டில், "கட்டடத்துக்காரத் தம்பி ரொம்ப நெருக்கினாரு, நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க" என்று ஒரு வாக்கியம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. சொல்லும்போது குரலும் லேசாகத் தழுதழுத்தது. அந்த வீட்டம்மாள் இரக்கப்பட்டு "உச்" கொட்டினாள்.

"யோவ்" என்றார் டெய்லர். "மொத வீட்ல இதைச் சொல்லலியே?"

சாவி வாயை மூடிக்கொண்டார். முகம் கன்றிப் போனது. வேண்டுமென்று சேர்க்கவில்லை. ஆனால் சேர்ந்துவிட்டது. தன் குற்றத்தைக்கூடத் தன்னால் வெள்ளையடிக்காமல் காட்ட முடியவில்லை என்று தெரிந்தபோது, மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவருக்கு அதிகமாக உறைத்தது. "இல்லம்மா, அவர் நெருக்கல. கேட்டாரு, நான் சரின்னேன்" என்று திருத்தினார். அந்த அம்மாளின் முகத்தில் இருந்த இரக்கம் அப்போதே வடிந்துவிட்டது.

நாலைந்து ஞாயிறுகள் அப்படிப் போயின. ஒரு வீட்டில், அங்கே குடியிருந்த தாத்தா இறந்துபோயிருந்தார். அவர் பிள்ளை வாசலிலேயே கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். ஒரு வீட்டில், அது ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு, "உங்க வாய் எங்களுக்குத் தெரியாதா?" என்று எல்லாரும் சிரித்துவிட்டு டீ கொடுத்தார்கள். அந்த டீயைத்தான் அவரால் குடிக்க முடியவில்லை.

டெய்லரும் மனைவியும் நர்ஸிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி டெய்லர் மனைவி உரக்கவே கேட்டாளாம். திட்டும்போது எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தம். பிறகு டெய்லரின் மச்சான் ஒருவர் மூலமாக நர்ஸுக்கு, அவர்கள் தெருவிலேயே கீழ் தளத்தில் ஒரு அறை கிடைத்தது. சாவியிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

அவர் காலி செய்யும் வேலையை விட்டுவிட்டார். கட்டடத்துக்காரர் மகனிடம் போய்ச் சொன்னபோது அவன், "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பிடித்தான். அந்த ஆளும் நன்றாகப் பேசக் கூடியவன்தான். பக்கத்துத் தெருக் கட்டடம் எந்தத் தடங்கலும் இல்லாமல் காலியானது. சாவி இப்போதும் இங்கொன்றும் அங்கொன்றுமாக அறை காட்டுகிறார். சன்னல் இல்லாவிட்டால் சன்னல் இல்லை என்கிறார். வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

மனைவி மட்டும் நினைத்தபோதெல்லாம் நர்ஸைப் பார்க்கப் போவாள். துணைக்கு அவரும் போவார். தெருமுனைப் பெட்டிக்கடை வரைக்கும்தான். அங்கே நின்றுகொள்வார். கடைக்காரர், "உள்ள போகலியா?" என்று முதலில் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் மனைவியை வழியனுப்ப நர்ஸ் தெரு வரைக்கும் வந்தாள். பெட்டிக்கடை ஓரத்தில் நின்றவரைப் பார்த்துவிட்டாள். அவர் ஒளிந்துகொள்ளக் கடைக்குள் இடம் இல்லை. அருகில் வந்தவள், வார்டில் எந்த நோயாளியையும் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

"முகம் வீங்கியிருக்கு. பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"போடுறேன்" என்றார் சட்டென்று. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல, நாலு நாளாப் போடல" என்றார்.

"போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். அண்ணே என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு மெதுவாகத்தான் நடந்தாள். அவள் உள்ளே போய்க் கதவு சாத்தும் வரைக்கும் கணவனும் மனைவியும் அங்கேயே நின்றிருந்தார்கள்.